துரையின் தொட்டிக்கு எந்த உப்பு

ஜூன் 3

என்னங்க,

எப்படி ஆரம்பிப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஆறு வருடமாகப் பிரிந்து இருக்கிறவருக்கு என்ன போட்டுத் தொடங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்குப் பழகியதே கைக்கும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். நீங்களும் அதையேதான் எழுதுவீர்கள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் "ஹலோ" சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நான் அழுவது தெரிந்ததும் உங்களுக்கும் வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். துரையின் அறையில் கடல் மீன் வளர்க்க அவன் வாங்கிவைத்த கண்ணாடித் தொட்டி அப்படியே நிற்கிறது. மூன்றடி நீளம். தாங்குகிற மேசையையும் அவனே திருகு முறுக்கிப் பூட்டி முடித்திருக்கிறான். தண்ணீரைச் சுழற்றும் பம்ப், ஹீட்டர், நீல விளக்கு, உள்ளே அடுக்க ஒரு பெட்டி நிறையக் காய்ந்த கல், எல்லாம் வந்துவிட்டன. உப்பு மட்டும் வாங்கவில்லை. அவனைக் கொண்டுபோன காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிறுகூட உங்களோடு போனில் உப்பைப் பற்றித்தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு வந்து, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. குழாய்த் தண்ணியில குளோரின் போடத்தான் தெரியும்" என்று சிரித்தான்.

நேற்று வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பக்கெட்டைக் காட்டினார். ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்குச் சிவப்பு மூடி. "உங்க பையன் ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு, அப்பாகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு போனாரும்மா. அப்புறம் ஆளையே காணோம்" என்றார். அவன் போய்விட்டதை அவரிடம் சொல்லாமல், வித்தியாசம் என்னவென்று கேட்டேன். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை.

அப்பாவும் பிள்ளையும் கடைசியில் எந்த உப்பு என்று முடிவு செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துரையின் அம்மா

---

ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம். நீ சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பழைய பட்டப்பெயரைப் போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் வேறு தொடக்கம் கிடைக்கவில்லை.

அந்தத் தொட்டியை வைக்காதே. கடல் தொட்டி என்பது சும்மா அலங்காரத்துக்கு வைக்கிற மீன் தொட்டி இல்லை. உப்பு அளவு, சூடு, காரத்தன்மை என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறவன். பெரிய தொட்டி தப்பை மன்னிக்கும், சின்னத் தொட்டி மன்னிக்காது. பழகாதவர்கள் வைத்த தொட்டியில் முதல் வருடத்தில் ஏதாவது ஒன்று சாகாமல் இருக்காது. நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறாய். வீட்டுக்கு வந்து இதையும் பார்க்க வேண்டுமா?

பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். பேசிப் பார். இன்னொன்று உன் கண்ணெதிரே போவதை நீ பார்க்க வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
துரையின் அப்பா

---

ஜூன் 14

என்னங்க,

வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. எந்த உப்பு என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். குடை எங்கே என்று கேட்டால் மழை வராது என்பீர்கள்.

கடையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் என் கைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. முன்பெல்லாம் வந்த வேகத்தில் கத்துவேன். "துரை எழுந்தாரா? துரை சாப்பிட்டாரா? இந்த ஈரத் துண்டை எத்தனை தடவை சொல்றது?" ஒரு மணி நேரம் அவனோடு மல்லுக்கட்டினால்தான் நாள் முடிந்த மாதிரி இருக்கும். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்கிறேன். பக்கத்து வீட்டம்மா, "அந்த ரூமை மூடியே வைங்க, மனசுக்கு நல்லது" என்கிறார். மூடினேன். சமையலறையில் நின்றாலும் அந்தக் கதவுதான் தெரிகிறது. திறந்துவிட்டேன்.

எனக்குக் கவனித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அது செத்துப்போகக்கூடியது என்று தெரிந்துதான் கேட்கிறேன். சாகாத பொருள் வேண்டுமென்றால் பீரோவைத் துடைத்துக்கொண்டிருப்பேனே.

நீலமா, சிவப்பா?

சாப்பிடுகிறேன். சில நாள் அவனுக்கும் சேர்த்து வைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
துரையின் அம்மா

---

ஜூன் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

சரி, தோற்றேன்.

நீல மூடி வாங்கு. இரண்டுமே நல்ல உப்புதான். நீல மூடி உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல் தண்ணீர் மாதிரியே வரும். சிவப்பு மூடியில் சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் தூக்கலாக இருக்கும். வேகமாக வளர்கிற கல் பவளங்களுக்கு அது தேவை, அவை அதைத் தின்றுதான் எலும்பு கட்டும். தின்ன ஆளில்லாத தொட்டியில் அதைப் போட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, அளவுகள் மட்டும் எகிறிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மெத்தென்ற பவளமும் இரண்டு மீனும் போதும். அதற்கு நீலம் தாராளம்.

நீ கேட்டாயே, முடிவு எதுவும் ஆகவில்லை. துரை சிவப்புதான் கேட்டான். எடுத்த எடுப்பிலேயே கல் பவளம் வளர்க்க வேண்டுமாம். நான் முடியாது என்றேன். "நீங்க எதுக்குத்தான்ப்பா முதல்ல சரின்னு சொல்லியிருக்கீங்க? அடுத்த ஞாயிறு பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

இப்போது கவனமாகப் படி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் ஆட்கள் போடுகிற குளோரின் உனக்கு நல்லது, பவளத்துக்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்கு. தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டிதட்டி வெள்ளையாகப் படிந்துவிடும். கரைவதற்கு ஒரு நாள் விடு, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அளவு பார்க்கும் கருவி அவன் மேசை இழுப்பறையில் இருக்கும், கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழல். உனக்கு அது விளையாட்டு. முப்பத்தைந்தில் கோடு நிற்க வேண்டும். உப்பை எடுக்கும் முன் பக்கெட்டை உருட்டிக் குலுக்கு, கனமானதெல்லாம் அடியில் தங்கியிருக்கும். மூடியை இறுக்கி மூடு, ஈரம் பட்டால் கல்லாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. எந்த உப்பைத் தொடங்கினாயோ அதையே வைத்துக்கொள். இன்னொரு உப்பு இதைவிட நல்லது என்று யாராவது சொன்னாலும் சட்டென்று மாற்றாதே. பவளத்துக்கு நல்ல தண்ணீரைவிட மாறாத தண்ணீர் முக்கியம்.

இன்னொன்று சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன், "தொட்டிக்கு முன்னாடி ஒரு நல்ல நாற்காலி போடணும்ப்பா. அம்மா நாள் பூரா நின்னுட்டு வர்றாங்க, உக்காந்து பாக்கட்டும்" என்றான்.

அன்புடன்,
துரையின் அப்பா

---

ஜூலை 4

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது என் தப்பு. நாற்காலி வரைக்கும் படித்துவிட்டு ஒரு பெரியவருக்குக் கண் பார்த்தேன். இடது கண் நம்பரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன். நல்ல வேளை, அரைப்பதற்கு முன்பே லென்ஸ் போடுகிறவர் கண்டுபிடித்துவிட்டார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுவே சங்கடமாக இருக்கிறது.

என்னிடம் அவன் தொட்டியைப் பற்றிப் பேசியதே இல்லை. கரண்ட் பில் ஏறும் என்று நான் கத்துவேன் என்று உங்களிடமே எல்லாம் சொல்லியிருக்கிறான். கத்தியிருப்பேன்தான்.

நாற்காலி வாங்கிவிட்டேன். கை வைத்தது.

நீல மூடியும் வாங்கியாயிற்று. உப்பைப் போட்டதும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. கெட்டுப்போனது என்று பதறிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "காத்திருங்கம்மா" என்றார். மறுநாள் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. தொட்டியில் ஊற்றி, கல்லை அடுக்கி, விளக்கைப் போட்டேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "மீன் எங்கே?" என்றார். "இனிமேல்தான் வரும்" என்றேன். "மீன் வராமலே இவ்வளவு அழகா இருக்கே" என்றார், பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல்.

ஒரு சந்தேகம். வாரம் முழுக்க மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. மறுபடி உப்புத் தண்ணீர் கலந்து நிரப்பினேன். இப்போது குழலில் பார்த்தால் முப்பத்தெட்டு காட்டுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

இப்படிக்கு,
துரையின் அம்மா

---

ஜூலை 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

பெரிய தப்பு இல்லை. முதல் தடவை எல்லோரும் செய்வதுதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் குறைந்ததற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்று. இப்போது கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் வெறும் தண்ணீர் விடு. ஒரே நாளில் இறக்காதே, இரண்டு மூன்று நாளில் மெல்ல இறக்கு. உள்ளே உயிர் ஏதும் இல்லாதது நல்லதாயிற்று.

இனி ஒரு மாதம் போல ஒன்றும் செய்ய வேண்டாம். மீன் தீனியில் ஒரு சிட்டிகை போட்டுவை. அது அழுகி முதலில் விஷமாகும். பிறகு அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் கல்லில் குடியேறும். பரிசோதனைக் குப்பியில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் வரும்வரை காத்திரு.

உனக்கு எழுதிக்கொடுப்பது எனக்கு நன்றாக இருக்கிறது. வேலையில் கூட இருப்பவர்கள் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். இதில் மட்டும்தான் நான் உரக்கப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

முதல் மீன் விட்ட பிறகு நான் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா? முடியாது என்றால் தயங்காமல் சொல்.

அன்புடன்,
துரையின் அப்பா

---

ஆகஸ்ட் 12

என்னங்க,

இரண்டும் பூஜ்யம். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நாலு தடவை பார்த்தேன். கண் டெஸ்ட் செய்கிறவள், நிறத்தில் ஏமாற மாட்டேன்.

ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு விட்டிருக்கிறேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதைப் பெரியது விரட்டிக்கொண்டே இருக்கிறது. "விடுடா அதை" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வீட்டில் என் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று.

கடைக்காரர் பவளமும் தந்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஐந்து. பச்சையும் பழுப்புமாக, ஒரே கல்லில். விளக்கைப் போட்டதும் ஒவ்வொன்றாக விரிகின்றன. அணைக்கப் போகும் நேரத்தில் சுருங்கிக்கொள்கின்றன. நான் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஐந்தும் விரிந்துவிட்டனவா என்று எண்ணிவிட்டுத்தான் போகிறேன். தண்ணீரில் உப்பு முப்பத்தைந்திலேயே நிற்கிறது.

வாருங்கள். கூடத்தில் சோபா இருக்கிறது. வரும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
துரையின் அம்மா

---

ஆகஸ்ட் 27

என்னங்க,

நாலு நாள் இங்கே இருந்துவிட்டுப் போனீர்களே, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுதுங்கள். திங்கட்கிழமை நான் கடையிலிருந்து வந்ததுமே நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அன்று தொட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் விளக்கைப் போட்டேன். ஐந்தில் ஒன்றுகூட விரியவில்லை. பம்ப் ஓடுகிறதா, சூடு சரியா என்று பார்த்தேன், எல்லாம் சரிதான். காரத்தன்மை குப்பியில் எட்டு காட்டவேண்டியது பதினொன்று காட்டுகிறது. ஏதோ தப்பாகப் பார்த்தேன் என்று மறுபடி பார்த்தேன். மறுபடியும் பதினொன்று.

குப்பை போடப் போனபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் சிவப்பு மூடி பக்கெட்டைப் பார்த்தேன். பிரித்திருக்கிறது.

நீங்களா?

இப்படிக்கு,
துரையின் அம்மா

---

ஆகஸ்ட் 31

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான்தான்.

திங்கட்கிழமை நீ கடைக்குப் போன பிறகு அவன் அறையில் உட்கார்ந்திருந்தேன். உன் நாற்காலியில். பிறகு தண்ணீர் கேன் வாங்கலாம் என்று அந்த மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், "நீங்கதான் அந்த அப்பாவா?" என்றார். அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது. "அம்மா நீலம்தான் வாங்கினாங்க, நீங்க கடைசியா என்ன சார் முடிவு பண்ணீங்க? தம்பி சிவப்புல உறுதியா இருந்தாரே" என்றார்.

"அவன் சொன்னதே" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் பக்கெட்டை எடுத்துவைத்தார். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கலந்தேன். ஒரு மணி நேரம்கூடச் சுழலவிடவில்லை. தொட்டியில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு இதை ஊற்றினேன். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினேன். என் கீழே வேலை பார்க்கிற ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஊற்றிக்கொண்டிருந்தபோது மனசுக்குள், "சரிடா, சரிடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை.

நீ வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டேன்.

இப்போது செய்ய வேண்டியது. நீல உப்பில் கலந்த தண்ணீரால் மூன்று நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்று. வேறு எதையும் தொடாதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் ஊர் நிலையத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கும் என்கிறார்கள். நான் அங்கேயே வந்து இருக்கட்டுமா? நீ ஒரு பக்கம் தனியாக, நான் ஒரு பக்கம் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு, சேர்ந்து தூக்கலாமே. அந்த நாலு நாள் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்.

அன்புடன்,
துரையின் அப்பா

---

செப்டம்பர் 18

என்னங்க,

உடனே பதில் எழுதவில்லை என்று கோபம் இருந்தால் மன்னியுங்கள். பவளம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐந்தும் போய்விட்டன. நீங்கள் சொன்னபடிதான் மாற்றினேன். ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசி ஒன்று ஒரு நாள் பாதி விரிந்தது. கடைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் அதுவும் இல்லை. மீன் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

பக்கெட்டைப் பார்த்த அன்று கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அது போய்விட்டது. உங்களுக்கு அவனிடம் ஒரு தடவை சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டீர்கள். நான் அவனிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் நானும் எதையாவது கவிழ்த்திருப்பேன்.

அந்த நாலு நாளைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல நாட்கள்தான். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் சனிக்கிழமை காலை ஒன்று நடந்தது. உங்களுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். குளித்துவிட்டு நீங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டே கூடத்துப் பக்கம் நடந்தீர்கள். அது அவன் நடை. உங்களிடமிருந்து எடுத்தது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. "துரை, துண்டை வெயில்ல போடு" என்று கத்திவிட்டேன். திரும்பினால் நீங்கள். "போட்டுடறேம்மா" என்று சொன்னீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள், தெரியும். அவன் குரலை மாதிரியே சொன்னீர்கள்.

அன்றிலிருந்து நீங்கள் வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வினாடி அவன் வந்துவிடுவான். அடுத்த வினாடி போய்விடுவான். தனியாக இருந்தால் அவன் ஒரு தடவைதான் போயிருக்கிறான். நீங்கள் இருந்தால் நாளெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறான். என்னால் முடியாதுங்க.

உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்து சாப்பிடும்போது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை என்னைப் பார்த்தது இல்லை. அவன் நெற்றி என் நெற்றி.

நாம் பிரிந்தது அவனால் இல்லை. இப்போது சேர்வதும் அவனால் வேண்டாம். இடமாற்றம் கேட்டதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். உங்களை வெறுத்துச் சொல்லவில்லை. வெறுத்திருந்தால் வரச் சொல்லியிருப்பேன், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

புதுப் பவளம் வாங்கப்போவதில்லை. இரண்டு மீனுக்கு அந்தத் தொட்டி போதும். உப்பு, தண்ணீர் எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய் உங்களுக்குக் கண் பார்த்தேனே, அந்தக் கண்ணாடி தயாராகிவிட்டது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படிக்கிற நம்பர் நன்றாகவே ஏறியிருக்கிறது. முதல் இரண்டு நாள் படி இறங்கும்போது தரை எழும்பி வருகிற மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், பழகிவிடும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தலாம். அப்படி அழுத்தினால் இங்கே அனுப்ப வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே ஒரு கடையில் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
துரையின் அம்மா